காலனியக் கால ஆப்பிரிக்க அஞ்சல் தலைகளைச் சேகரித்தல்

காலனியக் கால ஆப்பிரிக்க அஞ்சல் தலைகள் என்பன, ஐரோப்பிய நாடுகளின் ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளுக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் அப்பகுதிகள் விடுதலை பெறும் வரை வெளியிடப்பட்ட அஞ்சல் தலைகளாகும். பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, ஸ்பெயின் ஆகிய ஏழு நாடுகளும் தத்தம் ஆப்பிரிக்கக் காலனிகளுக்குத் தனித்தனியே அஞ்சல் தலைகளை அச்சிட்டன. இவற்றை வெளியிட்ட பகுதிகளுள் பல இன்று உலக வரைபடத்தில் இல்லை. தகோமி, உபாங்கி-சாரி, நியாசாலாந்து, தங்கனீக்கா போன்ற பெயர்களை இன்றைய மாணவர் ஒருவர் முதன்முதலில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் ஓர் அஞ்சல் தலைத் தொகுப்பாகவே இருக்கும்.

அஞ்சல் தலை ஓர் அரசாங்க ஆவணம். ஓர் இடத்தை எந்த நாளில் யார் ஆண்டார்கள், அங்கே எந்த நாணயம் செல்லுபடியானது, ஆண்டவர்கள் அந்த இடத்தை உலகுக்கு எப்படிக் காட்ட விரும்பினார்கள் என்பன அந்தச் சிறு தாளில் பதிவாகியுள்ளன. எதைக் காட்ட விரும்பவில்லை என்பதும் அதிலிருந்தே தெரிய வருகிறது. இத்துறையில் சேகரிப்பு என்பது இந்த இரண்டையும் வாசிக்கக் கற்றுக்கொள்வதாகும்.

வரலாற்றுப் பின்னணி

1840ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டன் வெளியிட்ட 'பென்னி பிளாக்' உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலையாகும். ஏழு ஆண்டுகள் கழித்து, 1847 செப்டம்பரில், இந்தியப் பெருங்கடலில் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தீவான மொரிசியஸ் தன் முதல் அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஒரு பென்னி, இரண்டு பென்சு மதிப்புகளில், மதிப்புக்கு 500 வீதம் இவை அச்சிடப்பட்டன. தகட்டைச் செதுக்கியவர் ஜோசப் ஆஸ்மண்ட் பார்னார்ட். 'போஸ்ட் ஆபீஸ்' என்ற சொற்கள் பொறிக்கப்பட்ட இத்தலைகளில் 27 மட்டுமே இன்று எஞ்சியிருப்பதாக அறியப்பட்டுள்ளது. 'போஸ்ட் பெய்டு' என்று இருக்க வேண்டியதைச் செதுக்கியவர் மறதியால் மாற்றிவிட்டார் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. அது வெறும் கதையே என்பதும், தமக்குக் கொடுக்கப்பட்ட சொற்களையே அவர் செதுக்கினார் என்பதும் ஆய்வாளர்களின் முடிவு.

ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் புகழ்பெற்ற தொடக்ககாலத் தலைகள் நன்னம்பிக்கை முனைக் காலனியுடையவை. 1853 செப்டம்பர் 1 அன்று வெளியான இவை உலகின் முதல் முக்கோண அஞ்சல் தலைகளாகும். காலனியின் தலைமை நில அளவையாளரான சார்லஸ் டேவிட்சன் பெல் வரைந்த வடிவத்தில், நம்பிக்கையைக் குறிக்கும் பெண்ணுருவம் நங்கூரத்தோடு அமர்ந்திருக்கிறது. இலண்டனில் பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் இவற்றை அச்சிட்டது. 1861இல் கையிருப்புத் தீர்ந்தபோது கேப் டவுனிலேயே அவசரமாக அச்சிட நேர்ந்தது. அப்போது அச்சுத் தகட்டில் மதிப்புகள் இடம் மாறியதால் சிவப்பாக இருக்க வேண்டிய ஒரு பென்னி நீலத்திலும், நீலமாக இருக்க வேண்டிய நான்கு பென்சு சிவப்பிலும் வெளிவந்தன. இப்பிழைத் தலைகள் இன்று மிக அரியவை.

1884–85ஆம் ஆண்டுகளில் நடந்த பெர்லின் மாநாட்டுக்குப் பின் ஆப்பிரிக்காவைப் பங்கிடும் போட்டி விரைவடைந்தது. 1914இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் தவிர ஏறத்தாழ முழுக் கண்டமும் ஐரோப்பிய ஆட்சிக்குள் இருந்தது. ஓர் இடத்தில் கொடி ஏற்றியதும் அஞ்சலகம் திறப்பதும், அதற்கென அஞ்சல் தலை வெளியிடுவதும் ஆட்சி நிலைபெற்றதற்கான அடையாளங்களாகக் கருதப்பட்டன. இதனால் 1885க்கும் 1914க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆப்பிரிக்கத் தலைகளின் எண்ணிக்கை பெருகியது.

பெயர் சொல்லும் செய்தி

அஞ்சல் தலையில் முதலில் பார்க்க வேண்டியது நாட்டின் பெயர். நைஜர் ஆற்றுக் கழிமுகப் பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1892இல் பிரிட்டிஷ் தலைகள் மீது 'ஆயில் ரிவர்ஸ்' என்று அச்சிட்டு இங்கே பயன்படுத்தினர். 'எண்ணெய் ஆறுகள்' என்பது இதன் பொருள். இங்கிருந்து ஏற்றுமதியான பனை எண்ணெயே இந்தப் பெயருக்குக் காரணம். அதாவது மக்களின் பெயரோ மொழியின் பெயரோ அல்ல, ஏற்றுமதிச் சரக்கின் பெயரே நாட்டின் பெயராயிற்று. அடுத்து வந்த தலைகளில் 'ஆயில் ரிவர்ஸ்' என்ற சொற்கள் கோடிட்டு அடிக்கப்பட்டு, 'நைஜர் கோஸ்ட்' என்ற புதிய பெயர் சேர்க்கப்பட்டது. பின்னர் அப்பகுதி தெற்கு நைஜீரியாவுடன் சேர்ந்தது. லாகோசும் 1906இல் அதனுடன் இணைக்கப்பட்டது. 1914இல் வடக்கும் தெற்கும் ஒன்றாகி நைஜீரியா என்ற பெயரில் தலைகள் வந்தன. கால் நூற்றாண்டுக்குள் ஒரே கடற்கரை பெற்ற பெயர்களை ஓர் ஆல்பப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடலாம்.

மேல் வோல்ட்டா என்ற பிரெஞ்சுக் காலனியின் கதை இதைவிட வியப்பானது. 1919இல் உருவாக்கப்பட்ட இக்காலனி 1932இல் கலைக்கப்பட்டு, அதன் நிலம் ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு சூடான், நைஜர் ஆகிய அண்டைக் காலனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மீந்துபோன மேல் வோல்ட்டாத் தலைகள் மீது 'கோட் டிவார்' என்று அச்சிட்டு அடுத்த காலனியில் விற்றனர். 1947இல் மேல் வோல்ட்டா மீண்டும் உருவாக்கப்பட்டது. இன்று அது புர்க்கினா பாசோ. ஒரு நிருவாக ஆணையால் ஒரு நாடு மறையவும் மீளவும் முடிந்தது என்பதற்கு அந்த மேலச்சுத் தலைகளே சாட்சி.

நாணயம் சொல்லும் செய்தி

தலையின் மதிப்பு எந்த நாணயத்தில் உள்ளது என்பது அடுத்த கேள்வி. கிழக்கு ஆப்பிரிக்கத் தலைகளை முதன்முறை பார்க்கும் இந்திய, இலங்கை வாசகருக்கு வியப்பாக இருப்பது அவற்றில் காணப்படும் அணாவும் ரூபாயும் ஆகும். இந்தியப் பெருங்கடல் வணிகத்தால் அக்கரையில் இந்திய ரூபாய் ஏற்கெனவே பரவியிருந்தது. சான்சிபாரில் இந்திய அஞ்சல் துறையே அஞ்சலகம் நடத்தியது. 1895இல் இந்திய அஞ்சல் தலைகள் மீது 'சான்சிபார்' என்றும், வேறு சிலவற்றின் மீது 'பிரிட்டிஷ் ஈஸ்ட் ஆப்பிரிக்கா' என்றும் அச்சிட்டுப் பயன்படுத்தினர். பிரிட்டிஷ் சோமாலிலாந்து 1903இல் இதையே செய்தது. அதே ஆண்டில் இத்தாலியின் சோமாலியக் காலனியான பெனாதிர் வெளியிட்ட யானை, சிங்கத் தலைகளும் 'பெசா', 'அணா' மதிப்புகளையே கொண்டிருந்தன. ஜெர்மானியர் தம் கிழக்கு ஆப்பிரிக்காவில் ரூபாயை ஏற்று, அதை முதலில் 64 பெசாவாகவும் பின்னர் 100 ஹெல்லராகவும் பிரித்தனர். எனவே 'பெசா' மதிப்புள்ள தலை முந்தியது, 'ஹெல்லர்' மதிப்புள்ள தலை பிந்தியது என்று எளிதில் சொல்லிவிடலாம்.

உகாண்டாவின் முதல் தலைகள் இன்னும் சுவையானவை. 1895 மார்ச் மாதத்தில், திருச்சபை மதப்பரப்புச் சங்கத்தைச் சேர்ந்த எர்னஸ்ட் மில்லர் என்ற பாதிரியார் தம் தட்டச்சுப் பொறியில் மெல்லிய தாளில் கட்டங்களையும் எண்களையும் அடித்து அஞ்சல் தலைகளைத் தயாரித்தார். அவற்றின் மதிப்பு சோழிகளில் குறிக்கப்பட்டது. அன்று 200 சோழி ஒரு ரூபாய். சந்தையில் மக்கள் கையாண்ட நாணயம் அதுவே. 1898இல் விக்டோரியாவின் தலையோடு அச்சிட்ட தலைகள் வந்தபோது சோழி போய் அணா வந்தது. பின்னர் அணா போய் சென்ட் வந்தது. 1920களின் தொடக்கத்தில் ரூபாயும் போய் ஷில்லிங் வந்தது. ஒரு நாட்டின் பொருளாதாரம் யார் கைக்கு மாறியது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

பொது வடிவங்கள்

செலவைக் குறைக்க, பல காலனிகளுக்கு ஒரே வடிவத்தைப் பயன்படுத்துவது வழக்கம். பிரிட்டிஷ் காலனித் தலைகளைப் பெருமளவில் அச்சிட்ட தெ லா ரூ நிறுவனம் இரண்டு தகடுகளைக் கையாண்டது. ஒரு தகடு அரசர் தலையையும் சுற்றுவேலையையும் அச்சிடும். மற்றொன்று காலனியின் பெயரையும் மதிப்பையும் மட்டும் சேர்க்கும். முதல் தகடு எல்லாருக்கும் பொது, இரண்டாவது காலனிதோறும் மாறும். இதனால் காம்பியா, சியரா லியோன், தங்கக் கடற்கரை ஆகியவற்றின் தலைகள் உடன்பிறப்புகளைப் போல் தோன்றும்.

பிரான்ஸ் 1892 முதல் 'கடற்பயணமும் வணிகமும்' என்ற உருவகத்தைத் தன் காலனிகள் அனைத்துக்கும் பயன்படுத்தியது. ஜெர்மனி 1900 முதல் பேரரசரின் 'ஹோகென்சோலர்ன்' என்ற உல்லாசக் கப்பலின் படத்தைத் தன் காலனிகள் யாவற்றுக்கும் பொதுவாக வைத்தது. போர்ச்சுகல் மன்னர்களின் தலைகளை அச்சிட்டது. 1910 அக்டோபரில் அங்கு முடியாட்சி வீழ்ந்ததும், கையிருப்பில் இருந்த மன்னர் தலைகள் மீது 'ரிபப்ளிக்கா' என்று அச்சிட்டு அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் தொடர்ந்து விற்றனர். லிஸ்பனில் ஆட்சி மாறியது. காலனியில் மாறியது மேலச்சு மட்டுமே.

மேலச்சுகள்

ஏற்கெனவே அச்சிட்ட தலையின் மீது புதிய பெயரையோ மதிப்பையோ அச்சிடுவது மேலச்சு எனப்படும். நாடு கைமாறும்போதும், போரின்போதும், கையிருப்புத் தீரும்போதும் மேலச்சு தேவைப்பட்டது. 1900இல் போயர் போரின்போது பிரிட்டிஷார் ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைகள் மீது 'வி.ஆர்.ஐ.' என்று அச்சிட்டனர். 'அரசியும் பேரரசியுமான விக்டோரியா' என்பதன் இலத்தீன் சுருக்கம் அது. அவ்வெழுத்துகளுக்கு இடையிலுள்ள புள்ளிகள் சில தலைகளில் அடிக்கோட்டு மட்டத்திலும் சிலவற்றில் உயர்ந்தும் இருக்கின்றன. இந்தச் சிறு வேறுபாட்டைக் கொண்டு அச்சுப் பதிப்பை அடையாளம் காண்கின்றனர். அதே போரில் முற்றுகையிடப்பட்ட மாஃபெக்கிங் நகரில், வெளியிலிருந்து தலைகள் வர வழியின்றி, வரைபடம் நகலெடுக்கும் நீலப்படி முறையில் உள்ளூரிலேயே தலைகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றில் தூது கொண்டு செல்லும் சிறுவர் படையைச் சேர்ந்த குட்இயர் மிதிவண்டியில் காட்சி தருகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு: ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா

முதல் உலகப் போரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா சிதறியதை மேலச்சுகளைக் கொண்டே தொடரலாம். 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தைத் தாக்கிய படை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டது. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆவது பாலம்கோட்டா இலகு காலாட்படையும் அதில் இருந்தது. இந்தியப் படையணிகள் பயன்படுத்திய இந்தியத் தலைகளில் 'ஐ.இ.எஃப்.' என்ற மேலச்சு காணப்படும். 'இந்தியப் போர்ப்பயணப் படை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. பிரிட்டிஷார் பிடித்த மாஃபியா தீவுக்கு 'மாஃபியா' என்ற மேலச்சு வந்தது. பெருநிலத்தின் பெரும்பகுதி அவர்கள் கைக்கு வந்தபின் 'கிழக்கு ஆப்பிரிக்கா, உகாண்டா' தலைகள் மீது 'ஜி.இ.ஏ.' என்று அச்சிட்டனர். வடமேற்கில் நுழைந்த பெல்ஜியப் படை காங்கோத் தலைகள் மீது 'ருவாண்டா', 'உருண்டி' என்று அச்சிட்டது. தெற்கு எல்லையில் போர்ச்சுகல் கைப்பற்றிய சிறு நிலத்துண்டுக்காக லோரன்சோ மார்க்கெஸ் தலைகள் மீது 'கியோங்கா' என்று அச்சிட்டனர். 1922இல் தங்கனீக்கா என்ற புதிய பெயரில் ஒட்டகச்சிவிங்கித் தலை வெளிவந்தது. ஒரே காலனி, ஒரே போர், ஐந்தாறு வகை மேலச்சுகள். இன்றைய தன்சானியா, ருவாண்டா, புருண்டி ஆகியவற்றின் எல்லைகள் உருவான கதையின் ஒரு பகுதி இது.

படங்கள் காட்டுவதும் மறைப்பதும்

காங்கோ சுதந்திர நாடு என்ற பெயரில் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் தம் சொந்த உடைமைபோல் வைத்திருந்த நிலம் 1886இல் தன் முதல் தலைகளை வெளியிட்டது. 1894 முதல் வந்த படத்தலைகள் காலனியக் காலத் தலைகளுள் மிக அழகியவற்றுள் அடங்கும். மட்டாடி துறைமுகம், ஸ்டான்லி அருவி, யானை வேட்டை, இரயில் பாலம் ஆகியவை நுண்ணிய கோட்டு வேலைப்பாட்டுடன் இரு வண்ணங்களில் அச்சிடப்பட்டன. அதே ஆண்டுகளில் அங்கே இரப்பர் சேகரிக்க மக்கள் துப்பாக்கி முனையில் வேலை வாங்கப்பட்டனர். ரோஜர் கேஸ்மென்ட்டின் 1904ஆம் ஆண்டு அறிக்கையும் இ.டி. மோரெலின் எழுத்துகளும் அக்கொடுமையை வெளிக்கொணர்ந்தன. 1908இல் மன்னரிடமிருந்து காங்கோ பெல்ஜிய அரசின் கைக்கு மாற்றப்பட்டது. எஞ்சிய தலைகள் மீது 'பெல்ஜியக் காங்கோ' என்று பிரெஞ்சில் அச்சிடப்பட்டது. இரயில் பாலத்தைக் காட்டிய தலைகள், இரப்பர்க் காட்டை ஒருபோதும் காட்டவில்லை. இத்தலைகளைத் தொகுப்பில் வைக்கும்போது இவ்வரலாற்றையும் ஓரிரு வரிகளில் எழுதி வைக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு. அது பின்பற்றத்தக்க வழக்கம்.

தங்கக் கடற்கரையின் தலைகளில் 1928 முதல் கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை இடம்பெற்றது. டேனியர் எழுப்பிய அக்கோட்டை ஒரு காலத்தில் அடிமை வணிகத்தின் மையங்களுள் ஒன்று. தலையில் அது கடலோரத்தில் நிற்கும் எழிலான கட்டடம் மட்டுமே. மறுபுறம், சியரா லியோன் 1933இல் வில்பர்ஃபோர்ஸ் மறைந்ததன் நூற்றாண்டையும் அடிமை முறை ஒழிப்பின் நூற்றாண்டையும் குறித்துத் தனி வரிசையே வெளியிட்டது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

மனிதர்களைக் காட்டும் முறையிலும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஐரோப்பிய அரசர்கள் பெயரோடு வருவர். ஆப்பிரிக்கர் பெரும்பாலும் 'இன்ன இனத்துப் பெண்', 'தலைவன்', 'போர்வீரன்' என்று பெயரின்றி வருவர். சான்சிபார் சுல்தான்கள் போன்ற சிலரே இதற்கு விலக்கு.

விடுதலையின் தலைகள்

ஆட்சி வந்ததை அறிவித்த மேலச்சு, ஆட்சி போனதையும் அறிவித்தது. 1957 மார்ச் 6 அன்று தங்கக் கடற்கரை கானாவானபோது, இரண்டாம் எலிசபெத் அரசியின் தலையுள்ள பழைய தலைகள் மீதே 'கானா சுதந்திரம்' என்றும் அந்நாளின் தேதியும் அச்சிடப்பட்டன. உடன் வந்த புதிய தலைகளில் குவாமே நிக்ருமாவின் உருவம் இடம்பெற்றது. 1958 அக்டோபரில் விடுதலை பெற்ற கினி, பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கத் தலைகள் மீது தன் குடியரசின் பெயரை அச்சிட்டது. 1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி நடந்தபின், சுல்தானின் தலைகள் மீது 'ஜம்ஹூரி' என்று முத்திரை குத்தினர். குடியரசு என்பதற்கான சுவாகிலிச் சொல் அது.

தெற்கு ரொடீசியாவில் சிறுபான்மை வெள்ளையர் அரசு 1965 நவம்பர் 11 அன்று தன்னிச்சையாக விடுதலையை அறிவித்தது. அதைக் குறித்து வெளியான தலையைப் பிரிட்டன் செல்லாது என்று அறிவித்து, அது ஒட்டிய கடிதங்களுக்குப் பெறுபவரிடம் கட்டணம் வசூலித்தது. ஓர் அரசை ஏற்பதும் மறுப்பதும் அதன் அஞ்சல் தலையை ஏற்பதிலும் மறுப்பதிலும் வெளிப்படும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மதிப்பும் அரிதும்

பழமை மட்டுமே ஒரு தலைக்கு விலை சேர்ப்பதில்லை. எத்தனை எஞ்சியுள்ளன, நிலை எப்படி, உண்மையில் அஞ்சலில் பயன்பட்டதா என்பவையே விலையைத் தீர்மானிக்கின்றன. ஜெர்மன் கப்பல் தலைகள் இதற்கு நல்ல பாடம். போர்க்காலத்தில் காலனிகள் கைவிட்டுப் போனபின்னும் பெர்லினில் இவை அச்சிடப்பட்டு அங்கேயே சேகரிப்பாளர்களுக்கு விற்கப்பட்டன. அதனால் சில மதிப்புகள் புதிதாக மலிவாகக் கிடைக்கும். காலனியில் உண்மையில் முத்திரை குத்தப்பட்டவையோ அரியவை. பொதுவாகப் புதிய தலைக்கே விலை அதிகம் என்று எண்ணுபவர் இங்கே ஏமாந்து போவார்.

கென்யா, உகாண்டா தலைகளில் 100 பவுன் வரை மதிப்புள்ளவை உண்டு. அத்தனை பெரிய தொகை கடிதத்துக்குத் தேவைப்படாது. இவை பெரும்பாலும் பத்திரங்களில் வரி செலுத்தப் பயன்பட்டன. பேனாக் கோட்டாலோ வருவாய்த் துறை முத்திரையாலோ நீக்கப்பட்ட தலைக்கு, அஞ்சல் முத்திரை உள்ள தலையின் விலையில் சிறு பங்கே கிடைக்கும். போர்ச்சுகீசியப் பட்டய நிறுவனங்களான மொசாம்பிக் நிறுவனமும் நியாசா நிறுவனமும் வெளியிட்ட அழகிய படத்தலைகள் பல, கடிதத்தில் ஒட்டப்படாமலே முத்திரை குத்தி விற்கப்பட்டன. பசை அப்படியே இருக்க, மூலையில் மட்டும் தூய முத்திரை இருந்தால் அத்தகைய தலை என்று கொள்ளலாம்.

போலிகள்

மேலச்சுத் தலைகளே அதிகம் போலி செய்யப்படுகின்றன. மலிவான தலை ஒன்றின் மீது சில எழுத்துகளை அச்சிட்டால் அது அரிய தலையாகிவிடும் என்பதே காரணம். ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா ஃபூர்னியே காலனித் தலைகளைப் பெருமளவில் போலி செய்து வெளிப்படையாகவே விற்றார். அவர் 1917இல் இறந்தபின், அவரது சரக்கு அங்குள்ள சேகரிப்பாளர் சங்கத்தின் கைக்கு வந்து, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆல்பங்களாகத் தொகுக்கப்பட்டது. 'மேடம் ஜோசப்' என்ற பெயரில் அறியப்படும் போலி முத்திரைகள் பிரிட்டிஷ் காலனித் தலைகளில் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றில் தலை உண்மையானது, முத்திரை மட்டும் போலி. அவற்றில் வரும் ஊர்களையும் தேதிகளையும் பட்டியலிட்ட நூல்கள் இருப்பதால், விலையுயர்ந்த தலையை வாங்குமுன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மிக விலையுயர்ந்தவற்றுக்கு வல்லுநர் சான்றிதழ் இன்றியமையாதது.

அடையாளம் காணுதல்

ஒரே தோற்றமுள்ள இரு தலைகளைப் பிரித்தறிய மூன்று சோதனைகள் உதவும்.

நீர்க்குறி: தாளைத் தயாரிக்கும்போதே உள்ளே பதியும் குறி இது. பிரிட்டிஷ் காலனித் தலைகளில் 1882 முதல் மகுடமும் 'சி.ஏ.' எழுத்துகளும் ஒரு தலைக்கு ஒன்றாக இருக்கும். 1904 முதல் அக்குறி தாள் முழுதும் நெருக்கமாக மீண்டும் மீண்டும் வரும். 1921 முதல் 'சி.ஏ.' கையெழுத்து வடிவில் இருக்கும். இதைக் கொண்டே அச்சிட்ட காலத்தை ஏறத்தாழ அறியலாம். சூடானின் 1898ஆம் ஆண்டு ஒட்டக அஞ்சல்காரர் தலையில் இருந்த பூவடிவ நீர்க்குறி, சிலுவைபோல் தெரிகிறது என்ற எதிர்ப்பால் பின்னர் பிறையும் விண்மீனுமாக மாற்றப்பட்டது.

துளைப்பல்: தலையின் ஓரத்தில் 2 சென்டிமீட்டர் நீளத்துக்கு எத்தனை துளைகள் என்பதே துளைப்பல் அளவு. இதற்கான அளவுகோல் மலிவாகக் கிடைக்கும்.

முத்திரை: ஊரும் தேதியும் தெளிவாக உள்ள முத்திரை பல நேரங்களில் தலையைவிட முக்கியமானது. நடமாடும் இரயில் அஞ்சலகம், படை அஞ்சலகம், பின்னாளில் மூடப்பட்ட சிற்றூர் அஞ்சலகம் ஆகியவற்றின் முத்திரைகளைத் தனியே சேகரிப்போர் உண்டு.

பாதுகாத்தல்

உறையிலிருந்து தலையைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறவைப்பது பொது வழக்கம். காலனியக் காலப் பிரிட்டிஷ் தலைகளில் இது ஆபத்தானது. முத்திரையைக் கழுவி மீண்டும் பயன்படுத்துவதைத் தடுக்கத் தெ லா ரூ நிறுவனம் ஊதா, பச்சை நிறங்களுக்கு நீரில் கரையும் மையைப் பயன்படுத்தியது. அத்தலையைத் தண்ணீரில் இட்டால் நிறம் வெளிறிவிடும், மதிப்பும் போய்விடும். ஐயமிருந்தால் உறைத் தாளோடு சேர்த்து வெட்டி வைப்பதே நல்லது. உறை முழுதாக இருந்தால் அதைப் பிரிக்கவே கூடாது. முகவரி, தடம், வந்துசேர்ந்த முத்திரை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முழு ஆவணம்.

தமிழ்நாடு, இலங்கை போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களில் பசை ஒட்டிக்கொள்வதும், தாளில் பழுப்புப் புள்ளிகள் படர்வதும் பெருந்தொல்லை. ஆல்பங்களைப் படுக்க வைத்து அடுக்காமல் நிற்க வைக்க வேண்டும். சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்க்க வேண்டும். மழைக்காலத்துக்குப் பின் ஒருமுறை பக்கங்களைத் திறந்து, வெயில் படாமல் காற்றாட விட வேண்டும். தலைகளை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுக்க வேண்டும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் மையைக் கெடுப்பதால் அவற்றைத் தவிர்ப்பது நலம்.

புதிதாகத் தொடங்குவோருக்கு

முழு ஆப்பிரிக்காவையும் சேகரிக்க முனைபவர் விரைவில் சோர்ந்துவிடுவார். ஒரு பகுதியையோ ஒரு கேள்வியையோ தேர்ந்துகொள்வது சிறந்தது. ரூபாய் நாணயத் தலைகள், ஜெர்மன் காலனிகளின் கைமாற்றம், விடுதலை மேலச்சுகள், இரயில் பாதைப் படங்கள் போன்ற பொருள்களில் விலைகுறைந்த தலைகளைக் கொண்டே நல்ல தொகுப்பு அமைக்கலாம். ஸ்டான்லி கிப்பன்ஸ், மிஷெல், இவேர் போன்ற விலைப்பட்டியல் நூல்களின் பழைய பதிப்புகள் அடையாளம் காணப் போதுமானவை. அவற்றிலுள்ள விலைகள் விற்பனையாளர் கேட்கும் விலைகளே என்பதையும், விற்கும்போது அதில் ஒரு பங்கே கிடைக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொகுப்பில் அடிக்கடி எதிர்ப்படும் பழைய பெயர்களும் அவற்றின் இன்றைய பெயர்களும்:

தங்கக் கடற்கரை – கானா
தகோமி – பெனின்
மேல் வோல்ட்டா – புர்க்கினா பாசோ
பிரெஞ்சு சூடான் – மாலி
உபாங்கி-சாரி – மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு
பெர்னாண்டோ போ, ரியோ முனி – எக்குவடோரியல் கினி
நியாசாலாந்து – மலாவி
வடக்கு ரொடீசியா – சாம்பியா
தெற்கு ரொடீசியா – சிம்பாப்வே
பெச்சுவானாலாந்து – போட்சுவானா
பசுட்டோலாந்து – லெசோத்தோ
தென்மேற்கு ஆப்பிரிக்கா – நமீபியா
தங்கனீக்கா, சான்சிபார் – தன்சானியா

பிரெஞ்சு சூடானும் இன்றைய சூடானும் வேறு வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவிலும் மற்றது வடகிழக்கிலும் உள்ளன.

ஒவ்வொரு தலைக்கும் கீழே நான்கு செய்திகளை எழுதி வைப்பது நல்ல பழக்கம். அன்று ஆண்டவர் யார், இன்று அந்த நிலம் எந்த நாடு, மதிப்பு எந்த நாணயத்தில், படம் எதைக் காட்டுகிறது என்பன அவை. ஐந்தாவதாக ஒரு வரியை வெறுமையாக விட்டு வைக்கலாம். படம் காட்டாதது எது என்பதை நூலகத்தில் தேடிப் படித்தபின் அவ்வரியை நிரப்பலாம்.